எர்லன்ரோடுக்குச் சொந்தமானவை

1978 மே முதல் தேதி எர்லன்ரோட் கிராமம் ஹோன்வெர்ட் நகராட்சியோடு இணைக்கப்பட்டது. அன்றே அந்த ஊரின் எல்லைக் கற்கள் தங்கள் இடத்தை விட்டுக் கிளம்பி ஊருக்குள் வரத் தொடங்கின. வேகம் அதிகமில்லை. நாளுக்கு ஒரு வைக்கோல் வண்டியின் நீளம், அவ்வளவுதான். அவை நகர்வதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நேற்று இருந்த இடத்தில் ஈரமான பள்ளம் இருக்கும், ஒரு வண்டி நீளம் தள்ளிக் கல் இருக்கும். இடையில் இருந்த பீட்ரூட் செடிகளில் ஒன்றுகூட நசுங்கியிருக்காது. அந்த வாரம் விதை உருளைக்கிழங்கின் விலை ஏறியிருந்ததால் ஊரில் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். கற்கள் அக்டோபரில், அறுவடை நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, பழைய ஊராட்சி மன்றக் கட்டடத்துக்கு எதிரே இருந்த லிண்டன் மரத்தடிக்கு வந்து சேர்ந்தன. வடக்கே இருந்து வந்தவை வடக்குப் பக்கமும், ஆற்றுப் பக்கமிருந்து வந்தவை ஆற்றுப் பக்கமுமாக வரிசையில் நின்றன. எல்லைக் கற்களைக் காக்கச் சத்தியம் செய்துகொடுத்தவர்கள் எல்லா ஊரையும்போல எர்லன்ரோடிலும் ஏழு பேர். ஊரில் அவர்களை ‘ஏழுபேர்’ என்றே சொல்வார்கள். அவர்களில் மூத்தவரான கிலியான் ஷ்ராவுட் பீர்க் குவளையோடு வந்து வரிசையைப் பார்வையிட்டார். “கூட்டத்துக்கு வந்திருக்காங்க போல. நம்ம மெம்பருங்கள விட இவங்க ஒழுங்காத்தான் வர்றாங்க” என்றார்.

காரணம் ஊராட்சி மன்றத்தின் கடைசிக் கூட்டத்தில் இருந்தது. இணைப்பு தவிர்க்க முடியாதது என்று தெரிந்ததும், அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் செய்ததையே எர்லன்ரோடும் செய்தது: நகராட்சியின் கைக்கு எதுவும் போய்விடக் கூடாது என்று கையிருப்பையெல்லாம் செலவழித்தது. பேருந்தைவிடப் பெரிய பேருந்து நிழற்குடை கட்டினார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டாவது தண்ணீர்க் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. ஊருக்குச் சொந்தமான தீயணைப்பு பம்பு கீழூரில் இரவலாக இருந்தது. நீள ஏணி எங்கேயோ இருந்தது. ஊர்க் காளை குத்தகைக்குப் போயிருந்தது. இணைப்புக்கு முன் இவையெல்லாம் வீடு திரும்பிவிட வேண்டும் என்று ஏப்ரல் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். மன்ற உறுப்பினராகவும் இருந்த கிலியான் வாசகம் சொன்னார்: ஊருக்குச் சொந்தமான கருவிகளும் கால்நடைகளும் ஊருக்கு வெளியே இருக்கக் கூடாது. மன்ற எழுத்தரான ரோஸ்விதா டோர்ஷ் அதைத் தட்டச்சு செய்தபோது, ‘எர்லன்ரோடுக்குச் சொந்தமானது எதுவும் எர்லன்ரோடுக்கு வெளியே இருக்கலாகாது’ என்று அடித்தாள். வாசித்துக் காட்டினாள். இப்படிச் சொன்னால்தான் எதுவும் விட்டுப்போகாது என்று எல்லோரும் மெச்சினார்கள். ஊர்ப் பொருள் என்று எழுத வந்துவிட்டால் ஓர் ஆணியைக்கூட விட மனம் வராதவர்கள் அவர்கள். எட்டு உறுப்பினர்களின் கைகளும் உயர்ந்தன. பம்பு செவ்வாய்க்கிழமை வந்தது, காளை புதன்கிழமை. போர்க்காலத்தில் உருக்குவதற்காக எடுத்துப்போகப்பட்ட இரண்டாவது தேவாலய மணி வரவில்லை. அதன் சத்தம் மட்டும் வந்து, அன்றுமுதல் நண்பகலில் ஒற்றை மணியோடு சேர்ந்து ஒலித்தது. கற்கள் கடைசியாக வந்தன.

‘எதுவும்’ என்ற சொல்லை ரோஸ்விதா எந்தக் கருவியையும் நினைத்து அடிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1969 இலையுதிர் காலத்தில், அவள் கணவன் ஆல்பான் அதே மன்றத்தில் உறுப்பினராக இருந்தான். இன்று இல்லாவிட்டால் நாளை இணைத்துத்தான் தீருவார்கள், இப்போதே நாமாகப் போய் இணைந்தால் பள்ளிக்கூடத்தையாவது கேட்டு வாங்கலாம் என்று அவன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். மற்ற ஏழு உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். அவன் கை மட்டும் தனியே உயர்ந்தது. அன்றும் எழுத்தராக இருந்த ரோஸ்விதா அதைக் குறிப்பேட்டில் எழுதினாள். அன்றிலிருந்து சாராயக்கடையில் அவன் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவன் நடந்துபோனால் யாராவது ஹோன்வெர்ட்டுக்கு வழி கேட்டார்கள். வாக்கெடுப்பு நடந்த அன்று வீட்டுக்கு வந்ததும் இருவரும் பேசியது இவ்வளவுதான் என்று அடுத்த வீட்டில் கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

“நீயும் எழுதிட்டியே.”

“எழுதறது என் வேல, ஆல்பான்.”

“அதத்தான் சொல்றேன்.”

நவம்பரில் அவன் ரோன் மலையில் இருந்த கருங்கல் குவாரிக்கு ஒரு பருவ வேலைக்கென்று போனான். பருவம் முடிந்தது, வரவில்லை. அடுத்த பருவமும் முடிந்தது. சண்டையும் இல்லை, இன்னொருத்தியும் இல்லை. வருவான் என்று எல்லோரும் சொன்ன காலம் போய், அவனைப் பற்றிப் பேசாமலிருப்பது மரியாதை என்று ஆகிவிட்டது. ரோஸ்விதா தன் வீட்டின் வடக்கு ஜன்னலைத் துடைத்துவைத்தாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் குவாரிச் சாலை தெரியும்.

கற்களால் நகராட்சிக்குத் தலைவலி வந்தது. ஊராட்சி ஒழிந்தாலும் நிலத்துக்கு எல்லை வேண்டும். நில அளவைக்காரர்கள் வந்து எங்கிருந்து நாடாவைப் பிடிப்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். ஏழுபேர் டிராக்டரில் கற்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய பள்ளங்களில் நட்டார்கள். இலையுதிர் காலத்தில் அவை மறுபடியும் லிண்டன் மரத்தடியில் நின்றன. மூன்றாவது முறைக்குப் பிறகு கிலியான், சத்தியம் செய்துகொடுத்தது கல்லைக் காக்கத்தான், மேய்க்க அல்ல என்று சொல்லிவிட்டார். மேயர் டாக்டர் ஹைடிங் தீர்மானத்தைப் படித்துப் பார்த்தார். பழைய ஊராட்சிகள் கடைசியாக எடுத்த முடிவுகள் செல்லும் என்று இணைப்பு ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்திட்டிருந்தார். நகர மன்றம் ரத்து செய்தால்தான் உண்டு.

இணைப்பு நடந்த அதே கோடையில் பால் வண்டி ஓட்டும் புர்ஹார்ட் ஒரு செய்தி கொண்டுவந்தான். குவாரிக்குக் கீழே முதல் வளைவில் ஆல்பான் நிற்கிறான். போன வாரம் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றான். புர்ஹார்ட் வண்டியை நிறுத்திக் கேட்டபோது, கால் வேறு எந்தப் பக்கமும் போகமாட்டேன் என்கிறது, இந்தப் பக்கம் மட்டும்தான் போகிறது, அதுவும் நாளைக்கு இவ்வளவு தூரம் என்று ஆல்பான் கையை அகட்டிக் காட்டியிருக்கிறான். ஒரு வண்டி நீளத்தைக் கையால் காட்ட முடியாது. ஆனால் புர்ஹார்டுக்குப் புரிந்தது.

“பஸ் ஏறினா அர மணி நேரம். போய்ப் பாத்துட்டு வாயேம்மா” என்றார் கிலியான்.

“நான் போய் நின்னா, நான் இழுத்துட்டு வந்த மாதிரி ஆயிடும்” என்றாள் ரோஸ்விதா. அவன் வருகிற தூரத்தை அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தாள். எட்டு ஆண்டுகள்.

ஆல்பான் எந்த ஊர் எல்லைக்குள் நிற்கிறானோ அந்த ஊர்தான் அவனுக்குச் சூப்பும் கம்பளியும் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட அலுவலகம் முடிவு சொன்னது. முதல் ஊர் முணுமுணுத்தது. இரண்டாவது ஊர் ஓர் ஆட்டிடையனின் படுக்கை வண்டியைக் கொடுத்தது. தினமும் காலையில் யாராவது டிராக்டரால் அதை அவன் பக்கம் கொஞ்சம் தள்ளிவிடுவார்கள். மூன்றாவது ஊரில் தீயணைப்புப் படையினர் பேண்டு வாத்தியத்தோடு அவனை அடுத்த ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவன் நின்ற இடத்திலிருந்தே கூடை முடைந்தான், கடிகாரம் பழுதுபார்த்தான், இரண்டு குழந்தைகளுக்கு ஞானத் தந்தையாக இருந்தான். ஒரு திருமணப் படத்தில் விருந்தினர்களின் ஓரத்தில் அவன் நிற்கிறான் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவனுக்காகவே படத்தைச் சாலையில் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

அந்த எட்டு ஆண்டுகளில் எர்லன்ரோட் ரோஸ்விதாவைத் தன் ஊர்ப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது. நகர மன்றத்தில் யாரும் இல்லாத ஊர்களுக்குச் சட்டம் அப்படி ஒரு பதவியைக் கொடுத்திருந்தது. கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். கை தூக்க முடியாது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் எர்லன்ரோட் தீர்மானத்தை ரத்து செய்யும் பொருள் நிகழ்ச்சி நிரலில் வரும். ரோஸ்விதா எழுந்து பேசுவாள். மண் சரிவு, வடிகால், ஊர் மக்களின் மனநிலை, அளவை நாடாவின் சுருக்கம் என்று எதையாவது சொல்லிக் களைப்படைய வைப்பாள். மன்றம் ஒத்திவைத்துவிட்டுப் பீர் குடிக்கப் போகும். ஓட்டு இல்லாத ஒருவர் அவ்வளவு காலம் ஒரு விஷயத்தைத் தடுத்து வைத்தது அந்த மன்றத்தில் வேறு நடந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் வடக்கு ஜன்னலில் நின்று சாலையைப் பார்ப்பாள். அவள் எதற்காகப் பேசுகிறாள் என்று ஊரில் பலர் ஊகித்திருந்தார்கள். ‘எதுவும்’ என்று அடித்தது ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

1986 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஆல்பான் ஊருக்குள் வந்தான். இடையன் வண்டியின் அச்சு கடைசி மேட்டில் முறிந்துபோனதால் அது இல்லாமல், ஒரு முக்காலியோடு மட்டும் வந்தான். ரோஸ்விதாவின் வீடு வடக்குத் தெருவில் இருந்தது. ஒரு நாள் முழுக்க அவன் அவள் வேலிக்கு எதிரே நின்றான். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். அவன் சாலையை நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பிடரி முழுக்க நரைத்திருந்தது. மறுநாள் அவன் அடுத்த வீட்டுக்கு எதிரே இருந்தான். அதற்கும் சில நாள் கழித்து லிண்டன் மரத்தடியில், வடக்குக் கற்களின் வரிசைக் கடைசியில் போய் நின்றான். பிறகு நகரவில்லை.

அந்த வாரம்தான் கிழக்கே எங்கோ ஓர் அணு உலை வெடித்து, மழையில் நனையாதீர்கள், தோட்டத்துக் கீரையைத் தின்னாதீர்கள் என்று வானொலியில் சொன்னார்கள். மாடுகளைக் கொட்டிலிலேயே கட்டிவைத்தார்கள். குழந்தைகள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார்கள். சதுக்கத்தில் ஆல்பான் மட்டும் நின்றான். ரோஸ்விதா பதினேழு ஆண்டுகள் காத்திருந்தவள், இன்னும் காத்திருக்கக்கூடியவள். ஆனால் மழை பெய்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

“இந்த மழை ஆகாதாம்” என்று அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.

“கேள்விப்பட்டேன். உன் தோள் நனையுது பாரு.”

அவள் குடைக்குள் தானும் நுழைந்துகொண்டாள். வீட்டுக்கு வா என்றாள். நாற்பது அடி தூரம். அவன் காலைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். கால் அசையவில்லை.

“இதோட சரி போல. ஊருக்குச் சொந்தம்னு எழுதியிருக்க. உனக்குச் சொந்தம்னு எழுதலையே.”

“நான்தான் எழுதினேன்னு உனக்கு யாரு சொன்னா?”

“வேற யாரு எழுதுவா? கிலியானா இருந்தா நட்டு, போல்ட்டு, ஏணின்னு சொல்லியிருப்பான்.”

அப்போதுதான் அவள் எட்டு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டாள். நீயாக வந்தாயா, தீர்மானம் இழுத்து வந்ததா என்று. ஆல்பான் பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் மன்றத்தில் அவனுக்கு ஆகாமல் போனது.

“தெரியல ரோஸ்விதா. கால் வந்துச்சு. நானும் கூடவே வந்தேன்.”

“என் கேட்டுக்கு முன்னால ஒரு நாள் பூரா நின்னியே. கைய நீட்டியிருக்கலாமே.”

“நீ கேட்ட தொறக்கலயே.”

அந்தக் கோடை முழுக்க அவள் மரத்தடிக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். கிலியான் தன் பழைய வாகனக் கொட்டகையின் கூரையைப் பிரித்துக் கொண்டுவந்து அவனுக்கு மேலே போட்டார். பழைய தீர்மானம் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை, சீட்டு விளையாடினார்கள். ஊர் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரோஸ்விதா மட்டும் இளைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனுக்காக ஏங்குவது அதிகமாக இருந்தது என்று பின்னால் அவள் புர்ஹார்டின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். தொலைவில் இருந்தபோது அவன் வருகிறான் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அவன் வந்திருக்கிறானா, கொண்டுவரப்பட்டிருக்கிறானா என்பது தெரியாமல் அவன் கையைப் பிடிக்க அவளுக்குக் கூசியது.

ஜூலைக் கூட்டத்தில் அவள் எழுந்து, எர்லன்ரோட் தீர்மானத்தை ரத்து செய்யும்படி கேட்டுக்கொண்டாள். டாக்டர் ஹைடிங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எட்டு வருசமா எங்கள எழுந்திருக்க விடாம பேசினது நீங்கதானே, திருமதி டோர்ஷ்?”

“ஆமாங்க. கட்டிப்போட்டு வச்சிருக்கறவர்கிட்ட இருக்கியா, போறியான்னு கேட்டா என்ன பதில் வரும்? கட்ட அவுத்துட்டுக் கேக்கணும்.”

“அவுத்தா போயிருவாரே.”

“போனா தெரிஞ்சிரும்.”

ஒருமனதாக ரத்து செய்தார்கள். ரோஸ்விதாவுக்குக் கை தூக்க உரிமை இல்லாததால் அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரத்து அடுத்த திங்கட்கிழமை நடைமுறைக்கு வந்தது. நண்பகலில் இரண்டாவது மணியின் சத்தம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கற்கள் எல்லாம் ஒரு வண்டி நீளம் வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தன. ஆல்பானும் நகர்ந்திருந்தான். வந்த வழியே, ஆனால் முதுகு முன்னால். திரும்பி நடக்கக் காலுக்குத் தெரியவில்லைபோல. கூரை அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்த கிலியான் சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவனேதான் போகிறான் என்றும், கால்தான் போகிறது என்றும் சாராயக்கடையில் இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டார்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன் அவன் மேசையில் உட்காராதவர்களில் உயிரோடு இருந்தவர்கள் அன்று அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ரோஸ்விதா போகாதே என்று சொல்லவில்லை. அதைச் சொன்னால் மறுபடியும் ஒரு தீர்மானம் போட்டதாகும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலை ஆல்பான் அவள் வீட்டுக்கு நேராக இருந்தான். அவள் கேட்டைத் திறந்து, திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள். பகலெல்லாம் இருவரும் அப்படியே நின்றார்கள். வடக்குக் கற்களில் ஒன்று அவர்களுக்குப் பக்கத்தில் நின்றது. புர்ஹார்ட் பால் வண்டியை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனான். செர்ரி இந்த ஆண்டு தேறாது என்று ஆல்பான் சொன்னதை மட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். மாலையில் வெளிச்சம் குறையத் தொடங்கியபோது அவன் கையை நீட்டிக் கேட் தூணைப் பிடித்தான். இறுகப் பிடித்திருந்தான், விரல் முட்டிகள் வெளுத்திருந்தன என்பதைத் தெருவில் இருந்த அனைவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ரோஸ்விதா பார்த்தாள். பிறகு அழுதாள். அவள் அழுததை எர்லன்ரோட் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சனிக்கிழமை காலையில் அவன் ஒரு வண்டி நீளம் வடக்கே இருந்தான். தூண் அவன் கையில் இருந்தது. தூணோடு கேட்டும், கேட்டோடு வேலியும், வேலியோடு ரோஸ்புதர்களும் ஒரு வண்டி நீளம் வந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை வீடு வந்தது. அடித்தளத்தோடு, நிலவறையோடு, கடந்த ஆண்டின் ஆப்பிள் சாறு பீப்பாய்களோடு வந்தது; ஓர் ஓடுகூடச் சரியவில்லை. அது நின்ற இடத்தில் ஈரமான சதுரப் பள்ளம் இருந்தது. சாலைத்துறை மூன்று நாளில் அனுமதி கொடுத்தது, வீட்டின் பின்புறம் சிவப்பு விளக்கு மாட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. மின்வாரியம் கம்பியைத் தினமும் நீட்டித்தது. பிறகு சலித்துப்போய்ப் பெரிய சுருளாகவே கொடுத்துவிட்டது. குளிர்காலம் முடிவதற்கு முன்பே கற்கள் தங்கள் பள்ளங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழுபேர் போய்ப் பார்த்தபோது நூல் பிடித்தாற்போல் நின்றன. வீடு எல்லையைக் கடந்த அன்று ரோஸ்விதா பிரதிநிதிப் பதவியை விட்டாள். ஊருக்குள் குடியிருப்பவர்தான் அதில் இருக்கலாம் என்பது சட்டம். அந்த இடத்துக்குக் கிலியானின் மருமகள் வந்தாள்.

முதல் ஆண்டு ஊர்க்காரர்கள் ஞாயிறுதோறும் நடந்துபோய்ப் பார்த்துவந்தார்கள். இரண்டாம் ஆண்டு சைக்கிளில் போனார்கள். இப்போது பெரிய பண்டிகைகளுக்கு மட்டும் போகிறார்கள். வடக்குத் தெருவின் கடைசியில் நின்றால் மாலையில் அந்த வீட்டின் ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் சிறிதாக. கிலியான் தினமும் அங்கே போய் நின்றுவிட்டு வருகிறார், நாய்க்கு நடை வேண்டும் என்கிறார். அந்தச் சதுரப் பள்ளத்தை நிரப்பலாமா என்ற பொருள் நகர மன்றத்தில் இரண்டு முறை வந்து ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. குவாரி மூடப்பட்டுப் பல காலம் ஆகிறது. வீடு அங்கே போய் நிற்குமா, மேலே போகுமா என்பது பற்றி எந்த அலுவலகத்திலும் தகவல் இல்லை.

வீடும் ஆல்பானின் காலும் ஒரே வேகத்தில் போவதால் வீட்டுக்குள் நடமாடக் கால் மறுக்கவில்லை; அவன் இரண்டாம் நாளே உள்ளே வந்துவிட்டான். மதியத்தில் இருவரும் வடக்கு ஜன்னலை ஒட்டிச் சாப்பிடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நேற்று இல்லாத மரம் ஒன்று இருக்கும், அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அவன் வலது கையால் சாப்பிடுகிறான். இடது கையால் மேசையின் விளிம்பைப் பிடித்திருக்கிறான், தூங்கும்போது கட்டில் சட்டத்தை, அல்லது அவள் மணிக்கட்டை. விட்டால் என்ன ஆகும் என்று இருவரும் இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை.